இல்லாததை முதலில் சொன்னவர்

எங்கள் அலுவலகத்துக்கு வழி கேட்டு யாராவது போன் செய்தால், எங்கே திரும்பக் கூடாது என்பதைத்தான் அவர் முதலில் சொல்வார். "ஏரியச் சுத்தி வராதீங்க, இன்னைக்கு சனிக்கிழமை, வண்டி நகராது. பச்சை கேட்டப் பாத்துட்டு உள்ள நொழஞ்சிராதீங்க, அது பக்கத்து வீடு, நாய் கெடக்கு. இப்ப எப்படி வரணும்னு சொல்றேன், கேட்டுக்கங்க." வழி கேட்டவருக்கு எரிச்சல் வரும். கொடைக்கானலில் யாரிடம் கேட்டாலும், "இந்தா, பக்கத்துலதான்" என்று இனிப்பாகச் சொல்லி அனுப்பிவிடுவோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய கூக்கால் ஏரியைக்கூடப் பக்கத்தில்தான் என்போம். ஆனால் அவரிடம் வழி கேட்ட ஒருவரும் எங்கள் வாசலைத் தவறவிட்டதில்லை, நாய்க்கடியும் வாங்கியதில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் அலுவலகத்தில் எழுதிய எதிலும் தன் பெயரைப் போட விடமாட்டார். தப்பாக இருந்தால் வாசிக்கிறவர்களே தேடிப் பிடித்துத் திட்டட்டும், சரியாக இருந்தால் எதற்குத் தேட வேண்டும் என்பார். நாங்கள் அவரை மேடம் என்போம். என்னைவிட அவர் ஒன்றிரண்டு வயது மூத்தவரா இளையவரா என்று இன்றுவரை தெரியாது. என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். அந்த சாரில் மரியாதை கொஞ்சம், கிண்டல் கொஞ்சம்.

அலுவலகம் என்றால் சரிவில் நிற்கும் ஒரு பழைய வீடு. கீழ்த்தளத்தில் ஹோம்ஸ்டே, மேல்தளத்தில் நாங்கள் நாலைந்து பேரும் கம்ப்யூட்டர்களும். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. அவரை எல்லாரும் அண்ணே என்போம். அண்ணனுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. எல்லா ரூமும் நிரம்பிய பிறகும் போனில் யாராவது கேட்டால், "வாங்க, பாத்துக்கலாம்" என்பார். அவர்கள் வந்து இறங்கியதும் தன் ரூமைக் காலி செய்து கொடுத்துவிட்டு எங்கள் மேல்தளத்தில் கம்பளியோடு வந்து படுத்துக்கொள்வார். தங்கமான மனிதர். நானும் அந்த வீட்டு உப்பைத் தின்றவன், குறை சொல்லக் கூடாது. ஆனால் இல்லை என்று சொல்ல முடியாத மனிதரும், இல்லை என்பதில்தான் பேச்சையே தொடங்குகிற மனிதரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன நடக்குமோ அதெல்லாம் அங்கே நடந்தது.

நாங்கள் செய்தது ஒரு டூல். அதன் சோலி ஒன்றே ஒன்று. கேட்ட இணையப் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். கேட்பது மனிதர் இல்லை, மனிதருக்காகத் தேடிப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட். ஒட்டன்சத்திரம் சந்தையில் இன்றைக்குக் கேரட் என்ன விலை என்று நீங்கள் ஏஜென்ட்டிடம் கேட்டால், அது தானாகப் போய்ப் பார்த்துவிடாது. எங்களுடையதைப் போன்ற ஒரு டூலைக் கூப்பிட்டு, இந்த முகவரியில் இருப்பதை எடுத்துக் கொடு என்று கேட்கும். எந்த டூலை எப்போது கூப்பிடுவது, வந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? டூலோடு சேர்த்து நாம் எழுதி வைக்கிற விவரக் குறிப்பை வாசித்துத்தான். அந்தக் குறிப்பில் நாம் சொல்லாமல் விட்டதை அதுவாக ஊகிக்கும், தப்பாகவும் ஊகிக்கும்.

புரோகிராம் எழுதியவன் நான் என்பதால் முதல் குறிப்பையும் நானே எழுதியிருந்தேன். 'எந்த இணையப் பக்கத்தையும் நொடியில் கொண்டுவரும். வேகமானது. எளிதானது. நம்பகமானது.' எழுதிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். எங்கள் எழுத்து வேலையையும் போனையும் பார்த்துக்கொள்ளச் சேர்ந்த மேடம், முதல் நாளே இதை வாசித்தார். வாசித்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"இது போர்டு சார். ரூம் கிடைக்கும்னு வெளிய மாட்டுற போர்டு. உள்ள வந்துட்டவருக்கு என்ன சொல்லப் போறீங்க?"

வந்தவர் என்று அவர் சொன்னது ஏஜென்ட்டை. நாங்கள் சிரித்தோம். கொஞ்ச நாளில் நாங்களும் வந்தவர் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். வந்தவருக்கு இது புரியாது, வந்தவர் இங்கே குழம்புவார், வந்தவர் நேற்று ஒரே பக்கத்தை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், ஏன் என்று பாருங்கள். மெஷினுக்கு எதற்கு மரியாதை என்று ஒருமுறை கேட்டேன். பழகின வாய், விடுங்க சார் என்றார்.

பழகின வாய்தான். பழனி அடிவாரத்தில் அவர் குடும்பத்துக்கு ஒரு விடுதி இருந்தது. பி.காம். முடித்த கையோடு அதன் முன்மேசையில் உட்கார்ந்தவர், கணவருக்குக் கொடைக்கானலுக்கு மாற்றல் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அங்கே போனை எடுத்தாலும் இதே கதைதான். மலைக்கோயிலுக்கு ஏற்றிப் போகிற வின்ச் இந்த வாரம் பராமரிப்பில் இருக்கிறது, ஓடாது. சுடுதண்ணீர் காலையில் மட்டும். வண்டி நிறுத்த இடம் இல்லை. இதற்கெல்லாம் சரி என்றால் ரூம் இருக்கிறது, வாருங்கள். அவருடைய சித்தப்பா தலையில் அடித்துக்கொள்வாராம். எதிர்ச் சாரியில் விடுதி வைத்திருந்தவர் இவரைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவாராம், அவ்வளவு பேரை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்.

ஏன் இப்படி என்று ஒரு மத்தியானம் கேட்டேன். வெளியே மூட்டம் இறங்கியிருந்தது, கரண்ட் இல்லை, பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. அவர் முன்மேசைக்கு வந்த புதிதில் ஒரு குடும்பம் வந்து இறங்கியதாம். நடக்க முடியாத அம்மாவை வின்ச்சில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாமி காட்ட வேண்டும் என்று மூன்று பிள்ளைகளும் தூரத்திலிருந்து கூட்டி வந்திருக்கிறார்கள். வின்ச் ஓடாத வாரம் அது. கிளம்பும் முன் விடுதிக்குப் போன் செய்துதான் கேட்டிருக்கிறார்கள். போனை எடுத்தவர் யாரோ, எல்லாம் இருக்கு, வாங்க என்று சொல்லியிருக்கிறார்.

"பிள்ளைங்க தூக்கிட்டுப் போய்ப் பாத்தாங்க சார். கொஞ்சம் படி ஏறுனதுமே மூச்சு வாங்கி எறக்கிட்டாங்க. அந்தம்மா அடிவாரத்துலயே உக்காந்து, மலையப் பாத்துக் கும்பிட்டுட்டு, போலாம்ப்பான்னாங்க. வாங்கன்னு சொல்றது நல்ல வார்த்ததான். அந்த நல்ல வார்த்தையாலதான் அவங்க வந்து கஷ்டப்பட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. இவரோடு இனி வீம்புக்குச் சண்டை போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவு அடுத்த வாரமே காற்றில் போனது வேறு விஷயம்.

ஏனென்றால் அவரோடு வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. குறிப்பை முதலில் தமிழில் எழுதுவார். தமிழில் நேராக நிற்காத வாக்கியத்தை இங்கிலீஷுக்குக் கொண்டுபோக விடமாட்டார். எழுதியதைச் சோதிக்க என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக வாசிப்பார். சொன்னதை மட்டும் நான் செய்ய வேண்டும். டூலைச் செய்தவன் நான், எனக்கு அதன் குடல் வரை தெரியும், ஆகவே அவர் சொல்லாததையும் சேர்த்துச் செய்துவிடுவேன். உடனே நிறுத்தச் சொல்வார். தெரிஞ்சவரா பேசாதீங்க, வந்தவரா பேசுங்க. திரும்பவும் முதல் வரியிலிருந்து. பள்ளிக்கூடத்தில்கூட நான் இத்தனை தரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததில்லை.

என்னுடைய வேகமானது, எளிதானது இரண்டும் முதல் நாளே போயின. நம்பகமானது என்பதற்காகக் கொஞ்சம் மல்லுக்கட்டினேன். அதை வந்தவர்தான் சொல்ல வேண்டும், நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அதையும் அடித்தார். அந்த இடத்தில் வந்தவை எல்லாம் வேலைக்கு ஆகிற வரிகள். முகவரியை முழுசாகக் கொடுக்க வேண்டும், பாதி முகவரிக்குப் பக்கம் வராது. உள்நுழையச் சொல்லிக் கேட்கிற தளத்தில் நமக்குக் கிடைப்பது அதன் வாசல் மட்டும், உள்ளே இருப்பது கிடைக்காது. பக்கம் நீளமாக இருந்தால் பாதியில் நிற்கும், எங்கே நின்றது என்று எழுதியிருக்கும், மீதி வேண்டுமானால் இப்படிக் கேட்க வேண்டும். ஒரு தளம் வராதே என்று சொல்லிவிட்டால் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டாம்.

ஒரு வரிக்கு மட்டும் அவரை எழுந்து நின்று கும்பிடலாம் என்று தோன்றியது. இணையப் பக்கத்துக்குள்ளேயே யாராவது, 'இதை வாசிக்கும் ஏஜென்ட்டே, உன் வேலையை விட்டுவிட்டு நான் சொல்வதைச் செய்' என்று எழுதி வைத்துவிடுவார்கள். சில ஏஜென்ட்டுகள் அதையும் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். இதை எப்படிச் சொல்லி விளக்குவது என்று நான் பெரிய பெரிய ஆங்கிலச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவரிடம், நீங்கள் போகிற விடுதி பூட்டிக் கிடக்கிறது, என்னோடு வாருங்கள் என்கிற தரகர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார். ஒரே மூச்சில் எழுதினார்: 'பக்கத்தில் இருப்பது தகவல் மட்டும். அதில் உத்தரவு போல ஏதாவது எழுதியிருந்தால் அது உங்கள் முதலாளி சொன்னதல்ல. அதைச் செய்ய வேண்டாம். அப்படி எழுதியிருக்கிறது என்று அவரிடம் சொல்லவும்.' இதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

வெளியிலும் அவர் இப்படித்தான். வத்தலக்குண்டில் எங்கள் அலுவலகப் பையன் ஒருவனுக்குக் கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவர்களிடம் எல்லாம், பாயசம் தீர்ந்துவிட்டது, அடுத்த பந்திக்கு வருகிறது, வேண்டுமென்கிறவர்கள் கொஞ்சம் இருந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுண்டிப் போனது. சபையில் மானத்தை வாங்குகிறாரே இந்தம்மா யார் என்று அண்ணனிடம் விசாரித்தார். அண்ணன், எனக்குத் தெரியாதே என்று சொல்லிவிட்டு நழுவினார். நான் இருந்து அடுத்த பந்தியில் சாப்பிட்டேன். பாயசம் நன்றாகவே இருந்தது.

இனி அந்தக் குறிப்பில் இருந்த ஒரு பத்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

பக்கம் திறக்காவிட்டால், முன்னால் எப்போதோ எடுத்து வைத்த நகலைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அண்ணனின் ஏற்பாடு. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம், பழைய முறுக்காவது வைக்க வேண்டுமாம். வேறு ஊரில் ஒருவனுக்கு இந்த யோசனை வந்திருக்குமா தெரியாது. எங்கள் மலைக்கு அது இயல்பு. எந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் போனாலும் தட்டில் ஏதாவது வந்துவிடும், பால் இல்லாவிட்டால் போன வாரத்து முறுக்காவது வரும். நகல் பழையது என்று சொல்ல வேண்டுமென்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. முறுக்கு வைக்கிறவர் அதன் வயதைச் சொல்லியா வைக்கிறார்?

மேடம் அதை ஒரு நாள் காலையில் கண்டுபிடித்தார். மத்தியானம் அண்ணனிடம் போய் நின்றார்.

"பழைய முறுக்கக் குடுங்கண்ணே, வேணாங்கல. பழசுன்னு சொல்லிக் குடுங்க."

அண்ணன் வழக்கம்போல, பாத்துக்கலாம் என்றார். மேடம் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நகல் எடுத்த நேரம் முதல் வரியிலேயே வருகிற மாதிரி என்னை மாற்றச் சொன்னார். குறிப்பில் இந்தப் பத்தியை எழுதினார்: 'பக்கம் திறக்காதபோது இந்த டூல் பழைய நகலைத் தரும். அது எப்போது எடுத்தது என்று முதல் வரியில் இருக்கும். பழையதை இன்றைய நிலவரமாகச் சொல்ல வேண்டாம். பக்கத்தைப் பார்க்க முடியவில்லை என்பதை முதலில் சொல்லவும். பழைய நகலில் என்ன இருந்தது என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம்.'

இதற்குள் எங்களுக்கு ஒரு வாடிக்கை வந்திருந்தது. கூக்கால் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம். பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள். சந்தை விலை, மலைப்பாதை நிலவரம், மழை, இதையெல்லாம் போனில் தமிழில் கேட்டால் ஒரு ஏஜென்ட் பதில் சொல்ல வேண்டும். அந்த ஏஜென்ட்டுக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுப்பது எங்கள் டூல். ஒரு மாதம் பார்த்துவிட்டு, பிடித்தால் தொடர்கிறோம் என்றார்கள். இது நிலைத்தால் மற்ற ஊர்க்காரர்களும் வருவார்கள், இல்லாவிட்டால் மேல்தளத்தையும் ரூம் ஆக்கிவிடுகிறேன், எனக்கு வேறு வழியில்லை என்று அண்ணன் எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நான் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ பெட்டி கட்ட வேண்டியிருந்திருக்கும்.

சங்கத் தலைவர் ஒரு நாள் நேரில் வந்தார். ஸ்வெட்டரும் மப்ளருமாக நல்ல ஆகிருதியான ஆள். எங்கள் எதிரிலேயே போன் போட்டுப் பூண்டு விலை கேட்டார். விலைப் பக்கம் அந்த நேரம் பார்த்துத் திறக்கவில்லை. பக்கத்தைப் பார்க்க முடியவில்லை, என்னிடம் இருப்பது முந்தாநாள் விலை என்றது ஏஜென்ட். தலைவர் போனை வைத்தார்.

"முந்தாநா வெலை எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கே தெரியும்ங்க. இதுக்கு எதுக்கு ஒரு மிசினு?"

அவர் ஜீப் கிளம்பிய சத்தம் அடங்கும் முன்னால் அண்ணன் மேலே வந்துவிட்டார். நம் பொருளை நாமே குறை சொல்வது எந்த ஊர் வியாபாரம் என்று கேட்டார். அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள், விலை என்ன இருக்கிறதோ அதைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"எடுத்துருங்கண்ணே. எடுக்குற அன்னைக்கு என் மேசையவும் சேத்து எடுத்துருங்க."

அவர் மிரட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் சொன்னதுதான். அண்ணனுக்கு அதற்கும் முடியாது என்று சொல்லத் தெரியவில்லை. பாத்துக்கலாம் என்று முனகிவிட்டு இறங்கிப் போனார். பிறகு என்னைக் கீழே கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்ததும் அதை எடுத்துவிடு என்றார். நான் நேராக மேலே ஏறி வந்து மேடத்திடம் சொல்லிவிட்டேன். ஒளித்து வைத்து அவரோடு உட்கார்ந்து டீ குடிக்க என்னால் ஆகாது. எடுப்பது உங்கள் சோலி, நீங்கள் எடுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்றார். சொல்லிவிட்டு, மேசை மேலிருந்த தன் பிளாஸ்க்கையும் சால்வையையும் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது எப்போதும் அங்கேயே விட்டுவிட்டுப் போகிற பொருட்கள் அவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை. தலைவர் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

அவர் மகள் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி வந்ததும் கீழே ஆபரேஷன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்தவர்கள். சனிக்கிழமை ராத்திரி முழுக்க மழை, ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே வலி. மகளையும் மனைவியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பூம்பாறை தாண்டி, கொடைக்கானல் தாண்டி, பெருமாள்மலை வரைக்கும் ஒரே பாதை. அங்கே பிரிகிறது. ஒன்று வத்தலக்குண்டுக்கு இறங்கும், ஒன்று பழனிக்கு. அவருக்கு மனசில் இருந்தது வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல். பாதையில் மண் சரிந்து கிடந்து, அது தெரியாமல் இறங்கிவிட்டால், பின்னால் வண்டிகள் வந்து அடைத்துவிடும். அப்புறம் ஜீப்பைத் திருப்பக்கூட இடம் இருக்காது. மகளை வைத்துக்கொண்டு மலைச் சரிவில் நிற்க வேண்டியதுதான்.

முக்கில் வண்டியை நிறுத்தி, சங்கத்து எண்ணுக்குப் போன் போட்டு, வத்தலக்குண்டு ரோடு எப்படி என்று கேட்டிருக்கிறார். பாதை நிலவரப் பக்கம் காலையிலிருந்து திறக்கவில்லை. எங்கள் டூல் கொடுத்தது முந்தின நாள் சாயங்காலத்து நகலை. அதில் இரண்டு பாதையும் திறந்திருப்பதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அண்ணனுக்கு அவர் போன் செய்தபோது நாங்கள் எல்லாரும் மேலே இருந்தோம். மேடமும் வந்திருந்தார், பையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். யார் என்று தெரிந்ததும், ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று அண்ணன் நினைத்தார் போல. தனியாகக் கேட்கத் தைரியமில்லாமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"ரோட்டுப் பக்கத்த இப்ப பாக்க முடியலைன்னுச்சுங்க. எங்கிட்ட இருக்கறது நேத்து சாயங்காலத்துத் தகவல், அதுல தெறந்திருக்குன்னு இருக்கு, ஆனா அது இன்னைக்கு நெலவரம் இல்லன்னுச்சு. தெறந்திருக்குன்னு மட்டும் சொல்லியிருந்தா வெரசா அந்தப் பக்கமே எறக்கியிருப்பேங்க."

வண்டியை விட்டு இறங்கி டீக்கடையில் விசாரித்திருக்கிறார். கீழே மண்ணும் மரமும் சரிந்து கிடக்கிறது என்று, பாதியில் திரும்பி வந்த ஒரு வேன்காரர் அங்கே சொல்லிக்கொண்டிருந்தாராம். ஜீப்பைப் பழனிப் பக்கம் திருப்பினார். ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். இதைச் சொல்லும்போது தலைவர் அழுதுவிட்டார். அண்ணன் கண்ணையும் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு விலையைச் சொல்லவில்லை என்று கோபப்பட்டுவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அந்த மாதிரி சொல்லச் சொல்லி எழுதியது யார் என்று தலைவர் கேட்டார். எங்க மேடம்தாங்க, வேற யாரு என்றார் அண்ணன், தானே முன்னால் உட்கார்ந்து எழுதச் சொன்ன மாதிரி. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பத்தியில கைய வச்சே, ஒடிச்சிருவேன்."

என்னமோ நான்தான் எடுக்கப் பார்த்தவன் என்பது போல. எனக்குக் கோபம் வரவில்லை. எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது, எங்கள் அலுவலகத்தில் அந்த வழக்கம் இல்லாததால் உட்கார்ந்தே இருந்தேன். எங்கோ கம்ப்யூட்டருக்குள் கிடக்கிற ஒரு பத்தி. அதை ஒரு அம்மாள் வார்த்தை வார்த்தையாகத் தட்டித் தட்டி எழுதியிருக்கிறார். அது பெருமாள்மலை முக்கு வரை போய் ஒரு ஜீப்பைத் திருப்பிவிட்டிருக்கிறது. இப்படி ஒருவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்றைக்கும் பெருமைதான்.

மேடம் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குழந்தை எடை எவ்வளவு, மகள் கண் விழித்துவிட்டாளா என்று விசாரித்தார். பிறகு கேட்டார்:

"டீக்கடையில கேளுங்கன்னு அது சொல்லுச்சுங்களா, நீங்களாக் கேட்டீங்களா?"

"நானாத்தாங்க கேட்டேன். அது அதெல்லாம் சொல்லல."

மேடம் முகம் வாடிவிட்டது. போனை அண்ணனிடம் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அண்ணன் சந்தோஷத்தில் எல்லாருக்கும் கீழேயிருந்து கேசரி வரவழைத்தார். நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். அவருடைய கேசரி ஆறிப் போனது. மத்தியானம் வரை ஒரே வாக்கியத்தை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்துவிட்டு, அந்தப் பத்தியின் கடைசியில் இதைச் சேர்த்தார்: 'தெரியவில்லை என்று சொன்னதோடு விட்டுவிட வேண்டாம். யாரைக் கேட்டால் தெரியும் என்பதையும் சொல்லவும். அந்த இடத்தில் இருக்கிறவர்களை முதலில் கேட்கச் சொல்லவும்.'

சங்கம் தொடர்ந்தது. மற்ற ஊர்க்காரர்களும் வந்தார்கள், மலைக்குக் கீழேயிருந்தும் வந்தார்கள். மேடத்தின் கணவருக்கு மறுபடி மாற்றல் வந்து அவர்கள் மலை இறங்கிப் போனார்கள். டூலை நான் பல தடவை பிரித்து மாற்றி எழுதிவிட்டேன். பழைய புரோகிராமில் ஒரு வரிகூட இன்று மிச்சமில்லை. அந்தப் பத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இது எதற்கு இவ்வளவு நீளம், கொஞ்சம் வெட்டலாமா என்று கேட்பார்கள். முதலில் அதை வாசி, நம் டூல் அதுதான் என்பேன். மீதி இருப்பது புரோகிராம், அதை நான் எழுதினேன்.